20 டெஸ்லாவோடு வேலை முடியவில்லை
2021-ல் அமெரிக்காவின் எம்ஐடி குழுவின் காந்தம் 20 டெஸ்லாவை (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) தொட்டதோடு, அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் இணைவு உலைக்கான காந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் அதே காந்தத்தில் பிறகு வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தபோது ஒரு மூலை உருகிப்போனது. பழைய நயோபியம் டைட்டானியம் கம்பியில் மீகடத்தல் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் நிலை) ஓரிடத்தில் போனால் சூடு நொடிக்குப் பல மீட்டர் பரவும், சட்டென்று தெரிந்துவிடும். எம்ஐடி காந்தத்தில் சுற்றிய ரெப்கோ என்ற புதுவகை மீகடத்தி நாடாவில் அது மில்லிமீட்டர் கணக்கில்தான் நகரும், ஒரே புள்ளி வெந்துகொண்டிருக்கும், வோல்ட்மீட்டரில் பெரிதாக அசைவே இருக்காது. நாங்கள் ஆய்வகத்தில் சுற்றிய சின்னச் சுருளிலும் இதேதான், பிரித்துப் பார்த்தால் நக அகலத்துக்கு ஒரு கருகல், மற்ற இடமெல்லாம் புதுசு போலப் பளபளவென்று இருந்தது. சுற்றுகளுக்கு நடுவே மின்காப்பு இல்லாமல் சுற்றினால் போதாதா என்று அந்தக் கட்டுரையின் கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டிருக்கிறார். சரி, அது நிறையவே உதவும், ஆனால் உருகிய அந்தக் காந்தமே அப்படிச் சுற்றியதுதான்.