எடைக்கு முன்னால் ஸ்போக்கைப் பாருங்கள்

ரோடு பைக்குக்கு (சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) எந்த வீல்செட் (முன், பின் சக்கர ஜோடி) வாங்கலாம் என்று வந்த ஒரு கட்டுரை, வீல்செட்டுகளை எடையை வைத்தே வரிசைப்படுத்தியிருக்கிறது. குறைந்த பட்ஜெட்டில் அது தப்பான தொடக்கம். 200 கிராம் குறைந்தால் சமதரையில் வித்தியாசமே தெரியாது. ஸ்போக் (சக்கரக் கம்பி) அறுந்தால் அன்றைய ஓட்டம் அதோடு சரி.

முதலில் பொருந்துமா பாருங்கள். ரிம் பிரேக் (சக்கர வளையத்தையே பிடித்து நிறுத்தும் பிரேக்) வண்டிக்குப் பின் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) அகலம் 130 மி.மீ.; த்ரூ ஆக்சில் (ஹப்புக்குள் ஊடுருவிச் செல்லும் தடித்த அச்சு) உள்ள டிஸ்க் பிரேக் வண்டிக்குப் பெரும்பாலும் 142. ஷிமானோ 11 ஸ்பீட் ஃப்ரீஹப்பில் (பின் ஹப்பில் கேசட் மாட்டும் பகுதி) 8, 9 ஸ்பீட் கேசட் (பின் பல்சக்கரத் தொகுப்பு) போட 1.85 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் வளையம்) வேண்டும். அதைப் போடாமல் விட்டால், கேசட்டைப் பூட்டும் லாக்ரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் கேசட் ஆடும்.

உடல் எடை 85 கிலோவைத் தாண்டினால் பின்சக்கரத்தில் 28 ஸ்போக்குக்குக் குறைத்து வாங்கவே வேண்டாம். ஸ்போக் அடிக்கடி அறுவதற்குப் பெரும்பாலும் கம்பியின் தரம் காரணமல்ல. இறுக்கம் போதாதபோது ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து இறுகி, ஹப் பக்கத்து வளைவில் முறிகிறது. புது வீலில் பக்கத்துப் பக்கத்து ஸ்போக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். ஒரே பக்கத்தில் சில மட்டும் தொளதொளவென்று இருந்தால், ஓட்டுவதற்கு முன்பே கோட்டம் எடுக்கக் கொடுத்துவிடுங்கள்.

ரிம்முக்குள் மறைந்த நிப்பிள் (ஸ்போக்கை இறுக்கும் சிறு நட்டு) பார்க்க அழகுதான். ஆனால் சின்னக் கோட்டத்துக்கும் டயரைக் கழற்ற வேண்டும். ஹூக்லெஸ் ரிம் (உள்விளிம்பில் டயரைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ரிம்) என்றால் டியூப்லெஸ் டயர் மட்டுமே, காற்று 72.5 பிஎஸ்ஐக்குள்.