கபின் வேறாகலாம், பந்தி வேறாகக் கூடாது

2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் உல்லாசக் கப்பல் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு வந்துபோன பிறகு, எங்கட ஊரிலும் குடும்பப் பயணம் என்றால் கப்பலையும் சேர்த்துக் கதைக்கிறார்கள். அம்மாவின் எண்பதாவது பிறந்தநாள் வரும். லண்டன் அண்ணை, கனடாத் தங்கச்சி, ஊரிலிருக்கிற சித்தி, பிள்ளைகள் என்று பதினாலு பேர் சேருவார்கள். வசதியுள்ளவர் பல்கணியோடு பெரிய ஸ்வீற் எடுப்பார், மற்றவர்களுக்கு யன்னலில்லாத உள்அறை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரவர் காசு, அவரவர் கட்டில். ஆனால் சில கப்பல்களில் எந்த அறை எடுத்தீர்களோ அதுதான் எங்கே சாப்பிடலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. அதை விசாரிக்காமல் முன்பணம் கட்டிவிட்டு, ஏறிய முதல் இரவே குடும்பம் இரண்டு பந்தியாகப் பிரிவதைத்தான் பிழை என்கிறேன்.

குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2 கப்பலை எடுங்கள். சாதாரண அறைக்காரருக்கு பிரிட்டானியா உணவகம். அதற்கு மேலே பிரிட்டானியா கிளப், அதற்கு மேலே பிரின்சஸ் கிரில், உச்சியில் குயின்ஸ் கிரில். கிரில் உணவகங்களில் ஒவ்வொரு ஸ்வீற்றுக்கும் பயணம் முழுக்க ஒரு மேசை ஒதுக்கியிருக்கும். அதனால் விருந்தாளிக்கென்று அங்கே மேலதிகக் கதிரை கிடையாது, காசு தருகிறேன் என்றாலும் விடமாட்டார்கள். எம்எஸ்சி கப்பல்களின் யாட் கிளப், நோர்வீஜியன் கப்பல்களின் ஹேவன், செலிபிரிட்டியின் லுமினே, ராயல் கரீபியனின் சில பெரிய கப்பல்களில் உள்ள கோஸ்டல் கிச்சன் எல்லாம் முக்கியமாக ஸ்வீற்காரருக்கென்றே வைத்த இதே வகைதான். பெயர் மாறும், விதி பெரும்பாலும் ஒன்றுதான்: மேல் வகுப்புக்காரர் கீழே வந்து பொது உணவகத்தில் இருக்கலாம், கீழ் வகுப்புக்காரர் மேலே போக முடியாது. ஆகவே சேர்ந்து சாப்பிடுகிற பொறுப்பு முழுக்க ஸ்வீற் எடுத்தவருடையது. "நாங்கள் மேல சாப்பிட்டிட்டு வாறம், நீங்கள் கீழ சாப்பிடுங்கோ" என்று அம்மாவுக்குச் சொல்லுகிற நிலையை அவர்தான் தவிர்க்க வேண்டும்.

கப்பலில் பந்தி பிரிப்பது பழைய வழக்கம். 1912இல் டைட்டானிக்கில் மூன்று வகுப்புக்கும் மூன்று சாப்பாட்டு மண்டபம். முதலாம், இரண்டாம் வகுப்பு மண்டபங்கள் ஒரே தட்டில், இரண்டுக்கும் நடுவில் ஒரே குசினி. ஒரே அடுப்பில் வெந்த சாப்பாடு இரண்டு கதவால் வெளியே போனது. பிறகு உல்லாசக் கப்பல்கள் பெருகிய காலத்தில் பெரும்பாலான கப்பல்களில் எல்லோரும் ஒரே மண்டபத்தில் சாப்பிட்டார்கள். 2008இல் எம்எஸ்சி ஃபன்டாசியா கப்பல் யாட் கிளப்போடு வந்தது, 2015இல் லுமினே வந்தது. பழைய கதவு திரும்பவும் பூட்டப்படுகிறது.

எங்கட மண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை. 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமபந்தி போசனம் நடத்தியபோது எத்தனை எதிர்ப்பு. தேநீர்க் கடையில் ஒருவருக்குப் பேணியும் இன்னொருவருக்குச் சிரட்டையும் கொடுத்த ஊர் இது. காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குப் பக்கத்து மாவிட்டபுரத்தில் 1968இல் கோயில் வாசலைத் திறக்க ஒடுக்கப்பட்ட சனம் போராட வேண்டியிருந்தது. கப்பல் வகுப்பு சாதியில்லை, காசுதான், நாளைக்கு மாறலாம். என்றாலும் யாரோடு யார் இருந்து சாப்பிடலாம் என்பதற்கு வாசலில் ஒருவர் நின்று அட்டை பார்ப்பதை, அந்த வரலாறு தெரிந்த நாங்கள் இலேசாக எடுக்கக் கூடாது.

சரி, செய்யவேண்டியது என்ன? லண்டனில் ஒரு முகவர், ரொறன்ரோவில் இன்னொரு முகவர், கொழும்பில் மூன்றாவது என்று ஆளாளுக்குப் பதியும்போது ஒவ்வொரு அறைக்கும் தனித்தனிப் பதிவு எண் விழும். கப்பலின் கணினிக்கு நீங்கள் ஒரு குடும்பம் என்று தெரியாது. எல்லா எண்களையும் எடுத்து, சாப்பாட்டுக்கு ஒன்றாக இணைக்கச் சொல்லி முகவரிடம் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே நேரப் பந்தியா என்றும் பாருங்கள். ஓர் அறை முதல் பந்தியிலும் மற்ற அறை இரண்டாம் பந்தியிலும் இருந்தால் இணைப்பு வேலை செய்யாது. இதைவிட அடிக்கடி நடக்கிற பிழை இன்னொன்று: ஸ்வீற்காரரைக் கணினி தானாகவே தனி உணவகத்தில் போட்டுவிடும், பொது உணவக மேசையில் அவருக்குக் கதிரை எண்ணப்படாது. பதினாலு பேருக்கென்று கேட்ட இடத்தில் பன்னிரண்டு கதிரைதான் இருக்கும். "ஸ்வீற்றில் உள்ள இரண்டு பேரும் பொது உணவகத்தில்தான் இரவுச் சாப்பாடு" என்று தனியாகச் சொல்லிப் பதிவிக்க வேண்டும்.

கப்பலில் ஏறிய அன்று பின்னேரமே உணவகப் பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள். அறை எண்கள், பெயர்கள், ஆட்தொகை எழுதிய ஒரு துண்டு கையில் இருக்கட்டும். மேசைகள் பெரும்பாலும் இரண்டு, நாலு, ஆறு, எட்டுப் பேருக்கானவை. பத்துப் பேர் மேசை கொஞ்சம்தான். பதினாலு பேருக்கு ஒரே மேசை கேட்டு மல்லுக்கட்டாமல், ஒரே பரிசாரகர் பார்க்கிற, பக்கத்துப் பக்கத்தில் உள்ள எட்டும் ஆறும் கேளுங்கள். ஸ்வீற்காரர் ஒருநாள் ஒரு மேசை, மறுநாள் மற்ற மேசை என்று மாறி இருக்கட்டும். நினைத்த நேரம் போகிற முறையைப் பெரிய குடும்பம் எடுக்கவே கூடாது. அத்தனை இடம் ஒன்றாகக் காலியாகும்வரை வாசலில் நிற்க வேண்டும்.

முதல் பந்தி பின்னேரம் 5.30, 6 மணிக்கே தொடங்கும், இரண்டாவது 8 மணியளவில். எங்களுக்கு எட்டு மணிதான் பழக்கம். ஆனால் சாப்பாடு முடிய ஒன்றரை இரண்டு மணித்தியாலம் எடுக்கும், சின்னப் பிள்ளைகள் மேசையிலேயே நித்திரையாகிவிடுவார்கள். பிள்ளைகள் இருந்தால் முதல் பந்திதான் சரி. பெரியவர்களுக்குப் பிறகு பசித்தால் பஃபே இருக்கிறது. அங்கே எந்த வகுப்புக்கும் தடையில்லை.

அம்மாவின் வெள்ளிக்கிழமை விரதத்தைப் பதியும்போதே சொல்லுங்கள், பிந்தினால் பயணத்துக்கு ஒரு மாதம் முதலாவது. வெறும் மரக்கறி என்றால் முட்டை வந்துவிடும். "இந்திய மரக்கறிச் சாப்பாடு, முட்டை, மீன் இல்லை" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கப்பலில் ஒவ்வொரு இரவும் அடுத்த நாளுக்கானதை முதல்நாளே பரிசாரகரிடம் சொல்லிவையுங்கள். மேசையில் இருந்துகொண்டு கேட்டால் குசினியில் கறி வைக்க நேரமிராது, அவித்த மரக்கறிதான் வரும். பச்சைமிளகாயும் எலுமிச்சம்பழமும் கேட்டால் தருவார்கள். வீட்டில் இடித்த சம்பலைக் கொண்டுபோக வேண்டாம், வீட்டுச் சமையலைப் பெரும்பாலும் ஏற விடமாட்டார்கள்.

காசு விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குடிவகைப் பொதி (ஒரே கட்டணத்தில் குடிவகை எடுக்கிற திட்டம்) ஆளுக்குரியது. ஸ்வீற்காரர் தன் அட்டையில் எடுத்து மச்சானுக்குக் கொடுப்பது விதிமீறல். உபசரிக்க விரும்பினால் வைனைப் போத்தலாக வாங்கித் தன் கணக்கில் எழுதுவிக்கலாம். மிச்சமிருந்தால் அறை எண் போட்டு அடுத்த இரவுக்கு வைத்துத் தருவார்கள். கட்டண உணவகத்துக்கு எல்லோரையும் கூட்டிப்போவதானால், ஆளுக்கு எவ்வளவு என்று பேச்செடுக்காமல், தானே கட்டுவதை முன்கூட்டியே உணவகத்தில் சொல்லிவிட வேண்டும்.

சாப்பாட்டுக்கு முன் சந்திக்கிற இடத்தையும் ஸ்வீற்காரரின் ஓய்வறையில் வைக்க வேண்டாம், மற்றவர்கள் அங்கேயும் போக முடியாது. நடு மண்டபம் போதும். பிறந்தநாளன்று அம்மாவுக்கு மேல்தட்டுச் சாப்பாடு கட்டாயம் கொடுக்க ஆசையென்றால் அதற்கும் வழி இருக்கிறது. பல கப்பல்களில் ஸ்வீற் அறைக்கே உணவகச் சாப்பாட்டைக் கொண்டுவருவிக்கலாம், சொந்தங்கள் அறைக்கு வருவதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. எத்தனை தட்டு தருவார்கள் என்று மட்டும் முதல்நாள் கேட்டுவையுங்கள்.

முன்பணம் கட்ட முதல் முகவரிடம் ஒரேயொரு கேள்வி: "இந்த அறையில் இருக்கிறவையும் அந்த அறையில் இருக்கிறவையும் ஒவ்வொரு இரவும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடக்கூடிய உணவகம் எது?" பதிலை மின்னஞ்சலில், உணவகத்தின் பெயரோடு வாங்குங்கள்.