"சாப்பிடாதே"ன்னு மட்டும் சொன்னா எப்படி?

1980கள்ல கனடாவோட கியூபெக் மாகாணத்துல எரிக் டெவாயின்னு ஒரு டாக்டர் தாய்ப்பால்ல பிசிபி (ஃபேக்டரில செய்யற, லேசுல அழியாத ஒரு விஷ ரசாயனம்) எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டிருந்தார். ஒப்பிட்டுப் பாக்க சுத்தமான பால் வேணுமே, ஃபேக்டரியே இல்லாத வடக்குல கிடைக்கும்னு அதே மாகாணத்தோட வடகோடி நுனாவிக்ல இருக்கற இனுயிட்ங்கற ஆர்க்டிக் பழங்குடித் தாய்மார் பாலையும் டெஸ்ட் பண்ணாங்க. தெற்குப் பொண்ணுங்களோடத விட சுமார் 5 மடங்கு இருந்துச்சு. அந்த விஷத்தை அவங்க கண்ணால கூட பாத்ததில்ல. காத்துலயும் கடல்லயும் வடக்கே போயி, மீன், சீல், திமிங்கலம்னு ஒண்ணை ஒண்ணு தின்னத் தின்ன கொழுப்புல சேந்துக்கிட்டே போகுது.

எனக்கு மனசு ஆறாதது இதுக்கப்புறம் நடந்ததுதான். வட கனடாவுல பாஃபின் தீவை ஒட்டி இருக்கற கிகிக்டார்ஜுவாக் ஊர்லயும் பிசிபி இருக்குன்னு பேப்பர்ல வந்து, அந்த ஊர்க்காரங்களுக்கு "பிசிபி ஜனங்க"ன்னே பேர் வந்துடுச்சு. உண்மையைச் சொன்னாங்க, சரி, ஆனா சொன்ன விதத்துல அவங்க மானம் போச்சே!

அங்க ஒரு சீல் கிடைச்சா வீட்டுத் தரையில அட்டையை விரிச்சு வச்சு, எல்லாரும் சுத்தி உக்காந்து, "உலு"ங்கற பிறை மாதிரி கத்தியால அறுத்து அறுத்துத் தின்பாங்க, அக்கம்பக்கத்துக்கும் பங்கு போகும். அதை வேணாம்னு சொன்னா அப்புறம் என்ன இருக்கு, பிளேன்ல வந்து இறங்கற யானை விலை சிப்ஸும் சோடாவும்தானே?

அதான் 2011ல நுனாவிக் சுகாதாரத் துறை சொன்னது எனக்குப் பிடிச்சிருக்கு. பிள்ளை பெத்துக்கற வயசுப் பொண்ணுங்க மட்டும் பெலூகா திமிங்கலக் கறியைக் குறைச்சுக்கணும், பாதரசம்ங்கற இன்னொரு விஷம் அதுல ஜாஸ்தி, முக்கியமா "நிக்கு"ங்கற காயவச்ச கறியில. காயும்போது தண்ணிதான் போகும், பாதரசம் அப்படியே நிக்கும், அதனால ஒரு வாய் நிக்குல பச்சைக் கறியை விட பல மடங்கு இருக்கும். ஆனா ஆர்க்டிக் சார் மீன் தாராளமா சாப்பிடலாம், பாதரசம் கம்மி, ஒமேகா 3ங்கற நல்ல கொழுப்பு நிறைய. எது, யாருக்கு, பதிலா என்னன்னு மூணும் சேந்து வந்தாதானே ஒரு தாய் அன்னைக்கு அடுப்படியில முடிவெடுக்க முடியும்?

ஆனா விஷத்தைச் செஞ்சவங்க கிட்டயும் பேசணுமே. அதை இனுயிட் தலைவி ஷீலா வாட்-க்ளூட்டியே செஞ்சாங்க. பிசிபி மாதிரி ரசாயனங்களைத் தடை பண்ற உலகப் பேச்சுவார்த்தைக்கு, குழந்தையோட இருக்கற இனுயிட் தாயோட கல் சிலை ஒண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தாங்க. கூட்டத் தலைவர் மேசையில அந்தச் சிலை இருக்க, பேச்சு நடந்துச்சு. 2001ல ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, அதோட முன்னுரையிலயே ஆர்க்டிக் பழங்குடி மக்களுக்கு ஆபத்து ஜாஸ்தின்னு எழுதியிருக்கு.