குத்துகிறது என்றால் குத்துகிறதுதான்

ஞாயிற்றுக்கிழமை களியக்காவிளையில் நம் ஆட்கள் கூடி ஐஇஎம் (காதுக்குள் செருகும் இயர்ஃபோன்) கேட்டபோது நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள். அதனால் முதலிலிருந்து தொடங்கப் போவதில்லை. புது ஐஇஎம் கைக்குக் கை மாறி என்னிடம் வந்தது. இரண்டு பாட்டுக் கேட்டேன். "‘ஸ’ வர்ற இடமெல்லாம் குத்துது" என்றேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

கூட்டத்தில் இருந்த ஒரு தம்பி உடனே போனில் அதன் கிராஃபைத் திறந்து முகத்துக்கு நேரே நீட்டினான். எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று மெஷினில் அளந்து போட்ட கோடு அது. அதில் எட்டு கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருந்தது. "இது என்ன?" என்றேன். "அது மெஷினோட மேடு அண்ணே, அதைக் கணக்குல எடுக்கக் கூடாது" என்றான். பிறகு தோளில் கைபோட்டு, "சாரமில்ல அண்ணே, மைக்செட்டுக்காரங்க காது இல்லியா" என்றான். நான் மைக்செட் போடுகிறவன், காது போயிருக்கும் என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பைக்கில் குழித்துறைப் பாலம் தாண்டும்போதுதான் வலித்தது.

சரி, இப்போது நிதானமாகவே பேசுகிறேன்.

அந்த மேடு ஏன் வருகிறது என்று தம்பிக்குத் தெரியுமா? கிராஃப் எடுக்கும் மெஷினை 711 என்கிறீர்களே, அது 1981-இல் வந்த ஒரு சர்வதேசத் தரத்தின் எண். இப்போது 60318-4 என்று எண் மாறியிருக்கிறது. சராசரிப் பெரியவர் ஒருவரின் காதைப் போல நடந்துகொள்ளச் செய்யப்பட்ட சிறிய உலோகக் குழாய்தான் அந்த மெஷின். அதில் ஐஇஎம்மைச் செருகினால் டிப்புக்கும் (காதுக்குள் போகும் மெத்தென்ற முனை) கடைசியில் இருக்கும் மைக்குக்கும் நடுவே கொஞ்சம் காற்று அடைபடும். அந்த இடைவெளியின் நீளத்துக்கேற்ப ஒரு சுருதியில் சத்தம் எகிறும். மெஷினில் அது எட்டு கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும்படி செருகுவார்கள். மெஷினுக்கு அங்கே மேடு வந்தால் "மெஷினோட மேடு", விட்டுவிடலாம். நல்லது. என் காதும் குழாய்தானே தம்பி? என் மேடு எங்கே வரும் என்று உன் போனில் இருக்கிறதா?

நான் பார்த்தேன். போனில் ஒற்றைச் சுருதி எழுப்பும் ஒரு டோன் ஆப் போட்டு, சுருதியை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனேன். என் காதுக்குழாய் கொஞ்சம் வளைவு, பெரிய டிப் ஆழமாகப் போகாது. ஆழம் குறைந்தால் இடைவெளி நீளும், இடைவெளி நீண்டால் மேடு கீழே இறங்கும். எனக்கு ஆறரை, ஏழு பக்கம் ஊசி மாதிரி வந்தது. ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் குடியிருக்கும் இடம் அது. டிப்பை நனைத்து உள்ளே அழுத்தினால் மேடு மேலே ஏறியது, குத்தும் குறைந்தது. ஆனால் ஐந்து நிமிஷத்தில் காது வலி. ஆக, குத்துகிறது என்று நான் சொன்னபோது அது நிஜமாகவே குத்திக்கொண்டுதான் இருந்தது. கற்பனையும் இல்லை, வயசும் இல்லை.

என் மனைவி அன்றைக்கு அங்கே இல்லை. வீட்டில் என்னுடைய பழைய ஐஇஎம்மைப் போட்டுவிட்டு "தகர டப்பாவுக்குள்ள பாடுற மாதிரி இருக்கு, இதுக்கா ரெண்டாயிரம்?" என்றாள். நானும் பெரிய ஞானி மாதிரி "உனக்குச் சவுண்டு தெரியாது" என்றேன். (இதை மறைக்க முடியாது, அவள் இந்தப் பதிவைப் படிப்பாள்.) அவளுக்குச் சின்னக் காது. டிப் ஒட்டாமல் ஓரத்தில் காற்று கசிந்திருக்கிறது. கசிந்தால் முதலில் போவது பாஸ்தான், அதாவது கனத்த கீழ்ச்சத்தம். எந்தக் கம்பெனிக்காரன் எவ்வளவு பாஸ் வைத்து அனுப்பினாலும் அந்த இடுக்கு வழியாகப் போய்விடும். ஆகச் சின்ன டிப்பை மாட்டிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் கேட்டாள். அதே ஐஇஎம், அதே பாட்டு.

"அப்போ கிராஃபே வேண்டாம் என்கிறீர்களா?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். வேண்டாம் என்று சொல்லவில்லை. இடதும் வலதும் ஒத்துப்போகிறதா, பாஸ் எவ்வளவு, நடுப்பகுதி பள்ளமா என்பதெல்லாம் கிராஃப் இல்லாமல் தெரியாது. நானும் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஆனால் எல்லோரும் தலையில் வைத்துக் கூத்தாடும் ஹார்மன் டார்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராஃப் இப்படி இருந்தால் பிடிக்கும் என்று ஹார்மன் கம்பெனி போட்ட மாதிரிக் கோடு அது. அங்கே ஆய்வு செய்த ஷான் ஆலிவும் அவரோடு இருந்தவர்களும் ஆட்களை உட்காரவைத்து, கேட்கவிட்டு, எது பிடிக்கிறது என்று விசாரித்து உண்டாக்கியது அது. அவர்களே ஹெட்ஃபோனில் செய்த ஆய்வில் அந்த டியூனிங் பிடித்தவர்கள் நூற்றுக்கு 64 பேர். 15 பேருக்கு இன்னும் பாஸ் வேண்டும், 21 பேருக்குக் குறைவாக வேண்டும். நூற்றுக்கு 36 பேர் வேறு மாதிரிக் கேட்கிறார்கள் என்று அதைச் செய்தவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அந்த 36 பேரில் ஒருவன் களியக்காவிளைக்கு வந்தால் மட்டும் அவனுக்குக் காது போச்சா?

இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. புதியதையும் இன்னொரு ஐஇஎம்மையும் ஒரே போனில், வால்யூமைத் தொடாமல் மாற்றி மாற்றிக் கேட்டோம். புதியது கொஞ்சம் அதிகச் சத்தம். இரண்டு டெசிபெல் இருந்திருக்கும். சத்தம் சற்றே கூடினால் "கிளாரிட்டி", "பஞ்ச்" என்று மனுஷன் வாயிலிருந்து தானாக வரும். மெதுவாக வைத்தால் காதுக்குப் பாஸ் குறைவாகத்தான் படும். பிளெச்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதைக் கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். இருபத்தைந்து வருஷமாக இதை வைத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. கோயில் கொடைக்கு மைக்செட் போட்டால் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து "பாஸ் பத்தாது" என்பார். எதோடும் சேராத ஒரு குமிழைத் திருகுவேன். "ஆ, இப்ப சரி" என்று போய்விடுவார்.

இந்தக் கதையைச் சொல்லியிருக்கவே கூடாது, தெரியும். "அப்போ நீங்க கேட்ட குத்தும் அந்தக் குமிழ் மாதிரிதானே?" என்று இப்போதே ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். இல்லை. கமிட்டிக்காரருக்கு என் கை தெரிந்தது. எனக்கு அந்த ஐஇஎம்மின் விலையோ பேரோ யாரும் சொல்லவில்லை. பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் காதில் வைத்தேன். அடுத்த கேள்வி.

"அண்ணே, உங்க காதை டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?" பார்த்தேன். போதுமா? இடது காதில் நாலு கிலோஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் இருக்கிறது. பெட்டி ஸ்பீக்கர் அடுக்கின் பக்கத்திலேயே நின்று பிழைக்கிறவனுக்கு அந்த இடத்தில்தான் முதலில் விழும். சொல்லிவிட்டேன், சந்தோஷமா? ஆனால் இதையும் கேளுங்கள். இப்படி அடிபட்ட காதுக்குச் சின்னச் சத்தம் கேட்காது, கொஞ்சம் ஏற்றினால் சட்டென்று அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரியும். அதாவது என் காது போனதே உண்மை என்றாலும், போன காதுக்கு இன்னும் அதிகமாகத்தான் குத்தும். குத்தவில்லை என்று ஆகாது.

ஒரே சத்தம் ஆளுக்கு ஒரு மாதிரிக் கேட்கும் என்பதை கேரள எல்லையில் இருக்கும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. சென்னையில் நான் வாயைத் திறந்தால் "நீங்க மலையாளியா?" என்பார்கள். கேரளத்துக்குள், பாறசாலை தாண்டி நெய்யாற்றின்கரையில் அதே வாயால் பேசினால் "தமிழனல்லே" என்பார்கள். ‘வெள்ளம்’ என்று தண்ணீர் கேட்டு சென்னை மெஸ்ஸில் நான் பட்ட பாட்டைப் பலமுறை எழுதியிருக்கிறேன். பேச்சு ஒன்றுதான், கேட்கிற காதுதான் வேறே. அங்கே யாரும் கிராஃப் எடுத்துக்கொண்டு வருவதில்லை. அங்கே இரண்டு பக்கமும் அடி வாங்கிய அதே தம்பிதான் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்துச் சிரித்தான். அதுதான் பொறுக்கவில்லை.

அப்பா மரமில்லில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவர். காலையில் நாகர்கோவில் வானொலியில் பக்திப்பாட்டு போடும்போது ரேடியோவுக்கு அருகில் முக்காலியைப் போட்டு உட்காருவார். அந்த நிலையம் 1984-இல் வந்தது, எங்கள் வீட்டு ரேடியோவில் அதற்குப் பிறகு முள் நகர்ந்ததே இல்லை. ஒருநாள் "இப்பல்லாம் பாட்டுல ஜால்ரா போடுறதே இல்ல, ஏம்ல?" என்று கேட்டார். அடுக்களை வரைக்கும் ஜால்ரா கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது. நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். "உங்களுக்குக் காது கேக்கலப்பா" என்றேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் நன்றாகக் கேட்கிறது, பாட்டு கேட்கிறது, ஜால்ரா மட்டும் எங்கே போயிற்று என்று அந்த மனுஷனுக்குப் புரியவில்லை. ஜால்ரா மேல் சுருதியில் இருக்கிறது, அதுதான் முதலில் போகும் என்று எனக்கும் அப்போது தெரியாது. அதற்கப்புறம் அவர் பாட்டைப் பற்றி எங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை.

எதைச் சொல்ல வந்து எங்கே போய்விட்டேன். "ஒரு ஐஇஎம்முக்கு இவ்வளவு நீளப் பதிவா?" என்கிறவர்கள் படிக்காமலே தாண்டிப் போகலாம், ஆட்சேபணை இல்லை.

தம்பிக்கு ஒன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன். என் டிப்பை நானே கொண்டுவருவேன், போன தடவை கைலியில் துடைத்துத் தந்ததை மறக்கவில்லை. இரண்டு ஐஇஎம்மின் சத்தத்தையும் முதலில் சமமாக வைக்க வேண்டும். நான் கேட்டு முடிக்கும் வரை யாரும் போனைத் திறக்கக் கூடாது. டீ உன் செலவு.