பிறைட்டனில் முழங்காலளவு தண்ணீரும் ஆபத்துத்தான்

வெயில் தொடங்கிவிட்டது. இனிச் சனி, ஞாயிறுகளில் லண்டனிலிருந்து நம் ஆக்கள் குடும்பம் குடும்பமாகத் தென்கரை ஊரான பிறைட்டனுக்கு வெளிக்கிடுவார்கள். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அந்தக் கடல் பிடிக்கும். ஆனால் "ஊரில் கடலில் குளிச்சு வளர்ந்த எங்களுக்கு இதென்ன" என்ற பேச்சு காதில் விழும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

ஊர்க்கடல் வேறு. யாழ்ப்பாணத்துக் காரைநகரின் கசூரினா கடற்கரையில் நெடுந்தூரம் நடந்தாலும் ஆழம் தெரியாது. பிறைட்டன் கரையோ கூழாங்கல் மேடு. கடல் பெருக்கு நேரத்தில் சில எட்டு வைத்ததுமே கால் எட்டாமல் போய்விடும். மணற்கரை என்றால் அலை தூரத்திலேயே உடைந்து நுரையாகி வரும். இங்கே சரிவு கூடுதலாக இருப்பதால், அலை தன் பலம் முழுவதோடும் கரையிலேயே மடிந்து விழுகிறது. திரும்பி ஓடும் தண்ணீர் காலுக்குக் கீழுள்ள கற்களையும் உருட்டிக்கொண்டு போகிறது. ஊன்றி நிற்க எதுவும் மிஞ்சாது. விழுந்தவர் எழும்புவதற்குள் அடுத்த அலை தலைக்கு மேல்.

அதனால்தான் சொல்கிறேன், "நான் நீந்தப் போகேல்லை, கால் நனைக்கத்தான்" என்பவர்களை நினைத்துத்தான் எனக்குக் கூடுதல் பயம். சின்னப் பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கிறோம். நனைந்த ஜீன்ஸும் சல்வாரும் இழுக்கும் பாரம் வேறு.

நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இறங்குவதைவிடக் கரையேறுவதுதான் கஷ்டம். இறங்குமுன் கொஞ்ச நேரம் நின்று அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும். கரையில் அலை குத்தி விழுந்துகொண்டே இருந்தால் அன்றைக்குக் குளிப்பே வேண்டாம். கரையேறும்போது அலை உடையும் இடத்துக்கு வெளியே காத்திருந்து, பின்னால் திரும்பிப் பார்த்து, ஒரு அலை விழுந்ததும் அதன் பின்னாலேயே வாருங்கள். நிற்க முடியாவிட்டால் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து மேலே ஏறுங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். கல்லில் வழுக்காத நீச்சல் சப்பாத்து ஒன்றும் வாங்கிப் போடுங்கள்.

குளிரை நம் ஆக்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. பிரித்தானியக் கடலின் சராசரி வெப்பநிலை 12 பாகை செல்சியஸ் அளவுதான். 15 பாகைக்குக் கீழே திடீரென்று குதித்தால் மூச்சு தன் பாட்டில் இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அவ்வளவுதான். 1824 முதல் கடலில் உயிர் காக்கும் ஆர்.என்.எல்.ஐ அமைப்பு சொல்லும் வழி: அடித்துப் பிடித்து நீந்தாமல், காது நனையும்படி தலையைப் பின்னால் சாய்த்து மிதவுங்கள். 60 முதல் 90 விநாடிக்குள் மூச்சு உங்கள் வசம் வந்துவிடும். கரையில் நிற்பவர் காப்பாற்றவென்று தானும் குதிக்கக் கூடாது. செம்மஞ்சள் மிதவை வளையத்தை எறியுங்கள், 999 அழைத்து 'கோஸ்ட்கார்ட்' என்று கேளுங்கள்.

2016 ஆகஸ்டில் கேம்பர் சாண்ட்ஸில் ஐந்து தமிழ் இளைஞர்களைக் கடலுக்குக் கொடுத்தோம். அது மணற்கரை. அன்று அங்கே உயிர்காப்பாளர் எவரும் பணியில் இல்லை. அந்த ஐந்து வீடுகளின் துக்கத்துக்குப் பிறகும், உயிர்காப்பாளர் கண்காணிக்கும் இடத்தைக் காட்டும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளிப்பது நமக்குப் பழக்கமாகவில்லை. கூட்டம் குறைவென்று கொடியில்லாத பக்கமாகத்தான் பாய் விரிக்கிறோம். பிறைட்டனில் உயிர்காப்பாளர்கள் கோடையில் மட்டும்தான், அதுவும் குறித்த நேரத்துக்குத்தான் நிற்பார்கள். அவர்கள் போன பிறகு பின்னேரம் பியர் குடித்துவிட்டு இறங்குவதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

ஊர்ச் சங்கங்களிடமும் தமிழ்ப் பள்ளிகளிடமும் ஒன்று கேட்கிறேன். கோடைச் சுற்றுலாவுக்கு பஸ் பிடிக்கும்போது சாப்பாட்டுக்கு ஆள் பிரிப்பதுபோல, தண்ணீர்க்கரையில் பிள்ளைகளைப் பார்ப்பதற்கும் பெரியவர்களை முறை வைத்துப் பிரியுங்கள். பஸ் புறப்பட்டதும் அந்தப் பெயர்களை எல்லோருக்கும் கேட்க வாசியுங்கள்.