வாய் மூடி இருப்பது விசுவாசம் ஆகாது
கத்தோலிக்கத் திருச்சபைக்குள் நடக்கும் தவறுகளைப் பற்றிய ஒரு கட்டுரையில் வந்த ‘திருச்சபையை உண்மையாக நேசிப்பவர் அதன் அழுக்கை வெளியே பேசமாட்டார்’ என்ற வரியை ஏற்க முடியவில்லை. சியன்னா நகர் புனித கத்தரீன் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் இருந்த திருத்தந்தை (போப்) பதினோராம் கிரகோரிக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி, ஆயர்களின் (பிஷப்புகளின்) பேராசையை முகத்துக்கு நேரே கண்டித்தார்; ‘அப்பா’ (இத்தாலிய மொழியில் ‘babbo’) என்று பாசமாக அழைத்துக்கொண்டேதான். அவர் வற்புறுத்தி வந்தபடியே, 1377 ஜனவரியில் திருத்தந்தை உரோமைக்குத் திரும்பினார். இன்றைய சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212ஆம் விதி, தகுதியும் விவரமும் அறிந்த விசுவாசிகள் தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் (திருச்சபைத் தலைவர்களிடம்) சொல்வது உரிமை, சில வேளை கடமை என்கிறது. ஒவ்வொரு பங்கிலும் (ஒரு பங்குக் குருவின் பொறுப்பில் உள்ள இறைமக்கள் சமூகத்திலும்) நிதிக்குழு கட்டாயம் (விதி 537). குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்த காணிக்கையை அதற்கே செலவிட வேண்டும் (விதி 1267). தவறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது: கட்டட நிதியும் அன்றாடக் காணிக்கையும் ஒரே கணக்கில் கலந்துவிடும், ஆண்டு முடிவில் மொத்தத் தொகை மட்டும் வாசிக்கப்படும், எது எதற்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நிதிக்குழுவிடம் தனித்தனி வரவு செலவையும் வங்கி அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். உண்டியலை உறவினர் அல்லாத இருவர் சேர்ந்து எண்ணி, அங்கேயே கையெழுத்திடட்டும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ‘புகார் சொன்னால் வாயை அடைத்துவிடுவார்கள்’ என்று எழுதியிருக்கிறார். பாலியல் கொடுமையைப் பொறுத்தவரை, புகார் செய்பவர் மீது மௌனக் கட்டுப்பாடு விதிக்கக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் சட்டமே இயற்றினார். பாவசங்கீர்த்தனம் போன்ற அந்தரங்க ஆன்மிகப் பணியில் குரு அறிந்தது தவிர, குருக்களும் துறவியரும் தெரிந்ததைத் திருச்சபை அதிகாரிகளிடம் அறிவித்தே ஆகவேண்டும். காவல்துறைக்குப் போவதையும் அந்தச் சட்டம் தடுக்கவில்லை.