நோட்டு நமக்கு, பிள்ளைக்கு இல்லை

சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங்கில் நடந்தது இங்கே பாதிப்பேருக்குத் தெரியும், அதனால் முழுக்கதையும் சொல்லவில்லை. "காலாண்டுப் பரீட்சையே முடிஞ்சாச்சு, நோட்டுல ஒரு பக்கம் நிரம்பல, மண்ணுல விளையாடவா பீஸ் கட்டுறோம், இது என்ன அங்கன்வாடியா?" என்று அந்தச் சின்ன வயசு எல்கேஜி டீச்சரை நிற்க வைத்துக் கேட்ட அண்ணாச்சிக்கும், கூடவே தலையாட்டியவர்களுக்கும்தான் இந்தப் பதிவு. நோட்டு நமக்கு. பிள்ளைக்கு இல்லை.

அந்த டீச்சர் என்ன செய்தார்? தட்டில் மணலைப் பரப்பி 'ட' இழுக்க வைத்தார். புளியமுத்தை அடுக்கி 'ப' செய்யச் சொன்னார். தரையில் பாண்டிக் கட்டம் போட்டு, 'ம'வுக்குத் தாவு என்றார். என் மகள் இப்போது வீட்டில் கவிழ்ந்து கிடக்கிற ஸ்டூலைப் பார்த்து "அம்மா, 'ப' கெடக்கு" என்கிறாள். இது எந்த நோட்டில் வரும்?

அ முதல் ஃ வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளையிடம் 'ஏ'யை மட்டும் தனியாகக் காட்டிப் பாருங்கள். அ, ஆ என்று பாடிக்கொண்டே வந்துதான் அதைப் பிடிக்கும். பக்கம் பக்கமாக எழுதிய நோட்டிலும் முதல் வரி டீச்சர் எழுதியது, மீதி அம்மா கையைப் பிடித்து எழுதியது. யாரை ஏமாற்றுகிறோம்?

'அ' ஏன் முதலில் இல்லை என்றும் ஒருவர் கேட்டார். 'அ'வில் எத்தனை சுழி, எத்தனை வளைவு! பென்சிலே பிடிபடாத விரலுக்கு 'ட'வும் 'ப'வும் வெறும் நேர்கோடு, அவ்வளவுதான். தொண்ணூறுகளில் நம் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அறிவொளி இயக்கம் வந்தபோது அவர்களுக்கே 'பட்டா', 'படி' என்றுதான் ஆரம்பித்தார்கள். முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த என் அம்மா அப்படித்தான் படித்தாள். மடியில் சொளவு (முறம்), அதில் புகையிலைத் தூள், அதிலேயே விரலால் 'ப' போட்டுப் பார்ப்பாள். பக்கத்தில் படுத்துக் கிடந்த நானும் அதில்தான் எழுத்துப் படித்தேன். (புகையிலைத் தூளைப் பிள்ளை தொடலாமா என்று யாரும் வர வேண்டாம், அன்றைக்கு எங்களுக்கு யார் சொன்னார்கள்.) கம்பெனி பாஸ்புக்கில் எத்தனை பீடி ஏறியிருக்கிறது, எத்தனை கழித்திருக்கிறான் என்று அம்மா தானே வாசித்துச் சண்டை போட்டது அதற்கப்புறம்தான். அவள் நோட்டே வாங்கவில்லை அண்ணாச்சி.

"நாங்களும் அடி வாங்கித்தான் படிச்சோம், கெட்டா போனோம்?" சரி, ரொம்ப நல்லா இருக்கிறீர்கள். சனிக்கிழமை பார்த்தோமே.

"ஒண்ணாங்கிளாஸ்ல எழுதச் சொன்னா பிள்ளை முழிக்குமே?" இது நியாயமான பயம், எனக்கும் உண்டு. எழுதவே வேண்டாம் என்று யார் சொன்னது? எழுத்து கண்ணுக்கும் காதுக்கும் பழகட்டும், விரல் கொஞ்சம் பலப்படட்டும், அப்புறம் நோட்டு தானாக வரும். 247 எழுத்தையும் எல்கேஜியிலேயே முடித்துவிட்டு என்ன செய்யப் போகிறோம், டிஎன்பிஎஸ்சிக்கா அனுப்பப் போகிறோம்? பீஸ் பற்றிக் கேட்டால், அதிகம்தான், அதை மேனேஜ்மென்ட்டிடம் கேளுங்கள்.

ஆனால் எனக்கு உறுத்துவது அந்த "அங்கன்வாடியா?"தான். 2022லிருந்து அரசுப் பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' என்கிற திட்டத்தில் பாட்டும் ஆட்டமும் அட்டையுமாகத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பிரித்து. காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்கிறது. நாம் காசைக் கொட்டி, "ஐயோ அது வேண்டாம், நாலு வரி நோட்டுதான் வேண்டும்" என்று சண்டை போடுகிறோம். அங்கன்வாடியில் சத்துமாவும் கொடுத்து, மூக்கும் துடைத்துவிட்டு, பாட்டும் சொல்லித்தருகிற அக்காக்கள் என்ன அவ்வளவு கேவலமா? எங்கள் தெருப் பிள்ளைகள் பூராவும் அங்கே வளர்ந்ததுதான். நானும்தான். அதைக் கேட்டு ஹாலில் சிரித்தவர்களில் எத்தனை பேர் என்னை மாதிரி என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து மணல் தட்டை எடுத்துவிட்டு நோட்டுதான் என்று டீச்சருக்கு உத்தரவாம். பிரின்சிபாலுக்கு லெட்டர் எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடுகிற அம்மாமார் காலையில் எட்டரைக்கு ஸ்கூல் கேட்டுக்கு வாருங்கள். அண்ணாச்சி, உங்கள் வீட்டு மதினி ஏற்கனவே சரி என்று சொல்லியாச்சு.